பட்டிப் பொங்கலுக்குத் திறக்காத படல்

மாசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, காலைப் பேருந்து வந்து போனதற்கும் பால் வண்டி வருவதற்கும் நடுவில், கிளுவங்காட்டூருக்கு மேற்கே பாவாத்தாளின் பன்னிரண்டு ஏக்கர் கொறங்காடு எழுந்து போய்விட்டது. நெஞ்சுயரக் கிளுவை முள்வேலி, அதற்குள் தரை தெரியாமல் மண்டிய கொழுக்கட்டைப் புல், அங்கங்கே நிழலுக்கு நின்ற வெள்வேல மரங்கள், மாடு தண்ணீர் குடிக்கிற கல்தொட்டி, வடகிழக்கு மூலையில் குச்சியும் முள்ளும் வைத்துக் கட்டிய படல் என்று தனக்குச் சொந்தமான அத்தனையையும் எடுத்துக்கொண்டு, பின்னால் ஒரு பள்ளம்கூட விடாமல், கல்யாண வீட்டில் பந்திக்குக் கூப்பிடாத மாமன் எழுந்து போகிற மாதிரி போய்விட்டது. அதற்குக் கிழக்கே இருந்த நாச்சிமுத்துவின் முருங்கைத் தோட்டமும் மேற்கே இருந்த தென்னந்தோப்பும் இப்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன.

ஏன் போனது என்று ஊரில் ஒருத்தரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருந்தவர்கள் நாங்கள், அதனால்தான் இந்தக் கதையை நாங்களே சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் பக்கத்தில் கொறங்காடு என்கிற மேய்ச்சல் காட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஐப்பசி மழையில் புல் தழைத்து, கார்த்திகையில் கதிர் விட்டதும் மாடுகளை வெளியே ஓட்டிப் படலைச் சாத்திவிடுவோம். விதை முற்றி உதிரும்வரைக்கும் ஒரு குளம்பும் உள்ளே படக்கூடாது. சாத்துகிறவர் ஏழு புல்தாளைத் திரித்துப் படலில் முடிச்சுப் போட்டு, 'பட்டிப் பொங்கலுக்கு வர்றேன்' என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு வர வேண்டும். தை பிறந்து மாட்டுக்குப் பொங்கல் வைக்கிற அந்த நாளில், முடிச்சுப் போட்ட அதே கை அவிழ்க்க வேண்டும், முடியாமல் போனால் அந்த வீட்டாளாவது போய் அவிழ்க்க வேண்டும். அவிழ்க்கும்போது இன்னொரு கையில் மாட்டுக் கயிறு இருந்தாக வேண்டும். வெறுங்கையோடு போய்ப் படல் திறப்பது, சாப்பிட ஆளைக் கூப்பிட்டுவிட்டு இலையை மட்டும் போடுகிற மாதிரி என்பார்கள். காடு விதை போடும், நாங்கள் காத்திருப்போம், நாங்கள் மாட்டோடு வருவோம், அது வாய்க்கு மேய்ச்சல் கொடுக்கும், இதுதான் பேச்சு. எத்தனை தலைமுறையாக என்று கணக்கில்லை, ஒரு வருசமும் தவறியதில்லை.

பாவாத்தாளின் கொறங்காட்டில் மேய்ந்தது முக்கியமாக ஒரே ஒரு மாடு. மற்றதெல்லாம் கூடப் போகும், வரும், விலை போகும். இது நிற்கும். மயிலை என்று நிறத்தைச் சொல்லியே கூப்பிட்டார்கள். சாம்பல் பூசிய உடம்பும் கருத்த கொம்பும் கழுத்தில் வெண்கல மணியுமாக இருக்கும் மயிலை, இரண்டு நாள் கன்றாக இருந்தபோது தாயை இழந்து, பாவாத்தாளின் கையில் சங்கில் பால் குடித்து வளர்ந்தது. அந்தக் கார்த்திகையில் அது சினையாக இருந்தது. பாவாத்தாள் வழக்கம்போல ஏழு தாளைத் திரித்து முடிச்சுப் போட்டாள், வழக்கம்போலச் சொன்னாள். மார்கழி முதல் வாரத்தில் திருப்பூரிலிருந்து மகளுக்குப் பிரசவத்தில் சிக்கல், பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதாகச் சேதி வந்தது. அவள் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். போகும்போது புருசன் சென்னியப்பனிடம் ஒன்றைத்தான் மூன்று தடவை சொன்னாள்.

"பட்டிப் பொங்கலன்னைக்கு மயிலையக் கையில புடிச்சுட்டுப் போயிப் படலைத் தொறந்து உட்ருங்க. மறந்துராதீங்க. நான் வாக்குச் சொல்லீட்டு வந்திருக்கறனுங்க."

"போ அம்மிணி, இதக்கூடவா மறப்பேன்," என்றார் சென்னியப்பன்.

சென்னியப்பன் மறக்கவில்லை. அதுதான் எங்களால் இன்றைக்கும் செரிக்க முடியாத சங்கதி. மறந்திருந்தால் மன்னித்திருக்கலாம். அவருக்கு வெகுநாளாக ஒரு ஆசை இருந்தது, சித்திரைச் சந்தையில் தன் வீட்டு மாட்டை நாலு ஊர்க்காரர்கள் வளைத்து நின்று பார்க்க வேண்டும் என்று. தீவனக் கம்பெனி ஆள் ஒருவன் மோட்டார் சைக்கிளில் வந்து, படம் போட்ட தாளைக் காட்டி, புல் தின்கிற மாடு மூன்று வருசத்தில் போடுகிற சதையைத் தானியம் தின்கிற மாடு மூன்று மாசத்தில் போடும், ஆனால் நடக்கவிடக் கூடாது, நடந்தால் தின்றதெல்லாம் காலிலேயே போய்விடும் என்று சொன்னான். தானியத்தை நாங்கள் குற்றம் சொல்லவில்லை. மேய்ந்து திரும்புகிற மாட்டுக்கு அந்தியில் ஒரு படி தவிடும் ஊறவைத்த பருத்திக்கொட்டையும் வைப்பது எப்போதும் உள்ளதுதான். ஆனால் சென்னியப்பன் மயிலையை மாட்டுக் கொட்டத்தில் கட்டிப்போட்டு, முழுக்க மக்காச்சோள மாவும் தீவன உருண்டையுமாக, காலையில் ஒரு கூடை, உச்சியில் ஒரு கூடை, அந்தியில் ஒரு கூடை என்று கொட்டினார். மயிலையும் தின்றது. சின்னக் குழந்தைக்கு மூன்று வேளையும் மிட்டாய் கொடுத்தால் வேண்டாம் என்றா சொல்லும்? தை பிறப்பதற்குள் அதன் முதுகில் தண்ணீர் ஊற்றினால் நிற்காமல் வழுக்கி ஓடுகிற அளவுக்கு மினுமினுப்பு வந்துவிட்டது. நாங்களும் போய்ப் பார்த்தோம், ஆகா என்றோம், எங்களில் பாதிப் பேர் மறுநாளே கம்பெனி ஆளுக்குச் சொல்லி அனுப்பினோம்.

பட்டிப் பொங்கலும் வந்தது. கொட்டத்திலேயே கொம்புக்கு வர்ணம் பூசி, கொட்டத்திலேயே பொங்கல் வைத்து, கொட்டத்திலேயே தட்டம் சுற்றிக் கும்பிட்டாயிற்று. உச்சிப் பொழுதுக்குத் திருப்பூரிலிருந்து பாவாத்தாள் போன் பண்ணினாள்.

"தொறந்துட்டீங்களா?"

"விடிகாலையிலயே தொறந்தாச்சு. மயிலை உள்ளதான் மேயுது. நானும் இங்கதான் நிக்கறேன்."

"நெசமாத்தானுங்களா?"

"அட, கேளு," என்று சொல்லி, சென்னியப்பன் போனை மயிலையின் கழுத்தருகே கொண்டுபோய், இன்னொரு கையால் மணியை மெதுவாக, மேய்கிற மாடு இரண்டு அடி வைத்து நின்று மறுபடி இரண்டு அடி வைக்கிற தாளத்தில், ஆட்டிக் காட்டினார். திருப்பூர் ஆஸ்பத்திரி வராந்தாவில், பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு, பாவாத்தாள் அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சிரித்தாள், பக்கத்துக் கட்டில்காரிக்கும் கேட்கக் கொடுத்தாள். கொட்டத்து வாசலில் பொங்கல் வாங்க நின்ற நாங்கள் ஏழெட்டுப் பேர் இதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நாங்களும் சிரித்தோம்.

காடு காத்திருந்தது. விதை உதிர்ந்து, புல் பழுத்து, மஞ்சளாகி, நின்ற வாக்கிலேயே காய்ந்தது. தை முழுக்கக் காத்திருந்தது. அந்த வழியாகப் போனவர்கள், காற்றில்லாத பொழுதிலும் படல் லேசாக ஆடியதைப் பார்த்திருக்கிறார்கள், வேலி ஓரத்துப் புல்லெல்லாம் ஊர்ப்பக்கமாகத் தலையைச் சாய்த்திருந்ததையும் பார்த்திருக்கிறார்கள். அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பாவாத்தாள் பேருந்தைவிட்டு இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல், பையோடு நேராகக் கொறங்காட்டுக்குப் போனாள். படல் சாத்தியிருந்தது. அவள் போட்ட முடிச்சு அவள் போட்டபடியே, காய்ந்து, துரும்பாகத் தொங்கியது. முதலில் அவளுக்குப் புரியவில்லை. உள்ளே ஒரு சாணிகூட இல்லை என்று பார்த்த பிறகு புரிந்தது. அன்றைக்குப் போனில் கேட்ட மணிச் சத்தம் மறுபடி காதில் கேட்டது, காது எரிந்தது. அங்கேயே முடிச்சை அவிழ்த்திருக்கலாம். ஆனால் கையில் கயிறு இல்லை, வெறுங்கையோடு அவிழ்க்கக் கூடாது. "ஒரு எட்டு இரு சாமி, மயிலையக் கூட்டியாறேன்," என்று படலைத் தொட்டுச் சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினாள். கொழுத்து, மூச்சிரைத்து, குளம்பைத் தரையில் ஊன்றவே கூசிய மயிலையை அவிழ்த்து, இழுத்து, தள்ளி, அவள் திரும்பி வர அரை மணி நேரம் ஆனது. ஒரு மாதத்துக்கு மேல் காத்திருந்த காடு அந்த அரை மணி நேரம் காத்திருக்கவில்லை. வெறுங்கையோடு வந்து, நின்று பார்த்து, திரும்பிப் போனாளே, அது என்னவென்று நினைத்திருக்கும்?

சென்னியப்பன் பின்னாலேயே ஓடி வந்திருந்தார். முருங்கைத் தோட்டத்தோடு தென்னந்தோப்பு ஒட்டி நின்ற இடத்தைப் பார்த்துவிட்டு, தலையில் இருந்த துண்டை எடுத்தார்.

"என்ற வாக்கயும் ஏமாத்தி, என்னயும் ஏமாத்தீட்ட," என்றாள் பாவாத்தாள். இருபத்தாறு வருசத்தில் அவள் அவரை 'நீ' என்று பேசியது அன்றைக்குத்தான். "மணிய ஆட்டிக் காட்னயே. அதுக்கு உனக்குக் கை எப்படி வந்துச்சு?"

"சந்தைக்குன்னு பாத்தேன் அம்மிணி. அதுக்கப்பறம் தொறந்துக்கலாம்னு... காடு எங்க போயிரப்போகுதுன்னு நெனச்சுட்டேன்," என்றார் அவர்.

ஊர் இதற்குப் பழகிக்கொள்ள நாலைந்து நாளே போதுமானதாக இருந்தது. காட்டோரமாகப் போன ரோட்டையும் காடு கொஞ்சம் சுருட்டிக்கொண்டு போயிருந்ததால் பேருந்து மூன்று நிமிசம் முன்னதாகவே வந்தது. தவறவிட்டவர்கள் டிரைவரை விட்டுவிட்டுக் காட்டைத் திட்டினார்கள். கிராம நிர்வாக அதிகாரி வரைபடமும் சங்கிலியுமாக வந்து, அளந்து, மறுபடி அளந்து, மற்ற யாருக்கும் ஒரு அடி குறையாமல் ஊருக்கு மட்டும் பன்னிரண்டு ஏக்கர் குறைவதைப் பார்த்து, குறிப்புப் பத்தியில் 'காடு வெளியூர் சென்றுள்ளது' என்று எழுதி, நாச்சிமுத்துவிடம் சாட்சிக் கையெழுத்தும் வாங்கிப் போனார். அதுவரை முகம் பார்க்க அவசியமில்லாத நாச்சிமுத்துவும் தென்னந்தோப்புக்காரரும் பொது வரப்புக்காகச் சண்டை தொடங்கி, வாரம் பத்து நாளில் சண்டை முற்றிப் பேச்சு வளர்ந்து, பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற யோசனையில் போய் நின்றார்கள். தீவன மூட்டை வாங்கி அடுக்கியிருந்த மற்றவர்கள் மாட்டை இழுத்துக்கொண்டு அவரவர் கொறங்காட்டுக்கு ஓடிப்போய்ப் படலைத் திறந்து, புல்லைத் தடவிக் கொடுத்து, ஊரில் இல்லாத சாக்கெல்லாம் சொன்னார்கள். நாச்சிமுத்து மட்டும் பேச்சை நம்பாமல் தன் காட்டு வேலியைப் புதுக் கயிறு போட்டு மோட்டார் ரூமோடு சேர்த்துக் கட்டிவிட்டார்.

காட்டைப் பற்றிய தகவலும் வந்துகொண்டே இருந்தது. மூலனூர் ரோட்டில் அது குறுக்கே கடக்கக் கால்மணி நேரம் லாரியை நிறுத்தி வைத்தேன் என்றார் ஒரு டிரைவர். ஒரு ஊரில் பள்ளிக்கூட மைதானத்தில் இரண்டு நாள் படுத்திருந்ததாம், பிள்ளைகளுக்கு விடுமுறை விட்டார்களாம். எங்கே பார்த்தவர்களும் ஒன்றை மட்டும் ஒரே மாதிரி சொன்னார்கள், படல் சாத்தியே இருக்கிறது, காய்ந்த முடிச்சு அப்படியே தொங்குகிறது.

இதற்குள் மயிலை படுத்துவிட்டது. வயிறு ஒரு பக்கம் உப்பிக் கல்லாகக் கெட்டிப்பட்டு, குளம்பெல்லாம் கொதித்து, எழுந்தால் விழுந்தது. கால்நடை மருத்துவர் வந்து விலாவில் கையை வைத்துப் பார்த்தார், சோடா உப்பைக் கரைத்து ஊற்றினார்.

"இது புல்லுக்குன்னே கட்டுன வயிறுங்க," என்றார். "அதுல மாவா ரொப்புனா உள்ள புளிச்சு வெந்து போகும். தானியத்த இன்னையோட நிறுத்துங்க. புல்லுத் தின்னா மாடும் பொழைக்கும், கன்னும் பொழைக்கும். தின்னலீன்னா ரெண்டும் இல்லீங்க. கன்னு போட இன்னும் பத்துப் பன்னண்டு நாள்தான் இருக்குது."

ஊரே புல் அறுத்துக்கொண்டு வந்தது. வாய்க்கால் புல், வரப்புப் புல், நாச்சிமுத்து கட்டிப்போட்ட காட்டுக் கொழுக்கட்டைப் புல்கூட வந்தது. மயிலை ஒவ்வொன்றையும் மோந்து பார்த்து, முகத்தை மேற்கே திருப்பிக்கொண்டது. பாவாத்தாள் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சென்னியப்பன் மீதி மூட்டையையெல்லாம் கொண்டுபோய்க் குப்பைக்குழியில் கொட்டினார். அவரைப் பார்க்கவும் பாவமாகத்தான் இருந்தது, இருந்தாலும் ஒருத்தரும் அவர் பக்கத்தில் போய் நிற்கவில்லை.

மருத்துவர் வந்த மூன்றாம் நாள், காடு அமராவதி ஆற்று மணலில் படுத்திருப்பதாகத் தகவல் வந்தது. எட்டுப் பேர் சேர்ந்து மயிலையைக் குட்டியானை வண்டியில் ஏற்றினோம். பாவாத்தாளும் சென்னியப்பனும் ஏறிக்கொண்டார்கள், எங்களில் நாலு பேர் பின்னால் போனோம். தண்ணீர் வற்றிய ஆற்றில், வெயில் பளிச்சென்று அடிக்க, பன்னிரண்டு ஏக்கரும் வேலியோடு படுத்துக் கிடந்தது. புல் காய்ந்துதான் இருந்தது, ஆனால் தூரில் பச்சை விட்டிருந்தது. வாசனை காற்றில் வந்ததும் மயிலை தானாகவே எழுந்து, நடுங்கிக்கொண்டு வண்டியைவிட்டு இறங்கியது.

பாவாத்தாள் ஒரு கையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் முடிச்சை அவிழ்த்தாள். காய்ந்த தாள் கையிலேயே பொடிந்து போனது. "வந்துட்டனுங் சாமி. நேரங்கழிச்சு வந்துட்டேன். என்மேல இருக்கற கோவத்த இதும்மேல காட்டாத," என்றாள். படல் உள்பக்கமாகத் திறந்தது. மயிலை உள்ளே போனது. பின்னாலேயே பாவாத்தாள் காலை எடுத்து வைத்தாள், படல் சாத்திக்கொண்டது. தள்ளிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள், கிளுவை முள் அவள் சேலை முந்தியைப் பிடித்து வெளியே தள்ளியது. உள்ளேயிருந்து சரக், சரக் என்று மாடு புல்லைக் கடித்து இழுக்கிற சத்தம் கேட்டது. அவள் அழுதுகொண்டே சிரித்தாள். தின்கிறது, பிழைத்துவிடும் என்ற சந்தோசமும், தன்னை உள்ளே விடவில்லை என்ற துக்கமும் ஒரே முகத்தில் இருந்ததை நாங்கள் பார்த்தோம்.

ஒன்பது நாள் அவள் வேலிக்கு வெளியேதான் இருந்தாள். பத்தாம் நாள் காலையில் உள்ளே கன்று கத்தியது. மயிலை போட்ட கன்று ஒவ்வொன்றையும் கையில் வாங்கியவள் அவள், இதைக் காளையா கிடாரியா என்றுகூடப் பார்க்க முடியவில்லை. சென்னியப்பன் வேலிமேல் எக்கி, போனை நீட்டிப் படமாவது பிடிக்கலாம் என்று பார்த்தார். கிளுவைக் கொம்பு ஒன்று தட்டிவிட்டது, போன் உள்ளே விழுந்தது, புல் மூடிக்கொண்டது. உச்சிப் பொழுதில் பாவாத்தாள் கரைமேல் ஏறித் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பியபோது வெறும் மணல்தான் இருந்தது, நடுவில் ஒரு சாணி, ஈரத்தோடு.

வீட்டுக்கு வந்தால், வாசற்கதவின் கொண்டியில் ஒரு முடிச்சு தொங்கியது. பச்சைப் புல், ஏழு தாள், பாவாத்தாள் திரிக்கிற மாதிரியே இடப்பக்கமாகத் திரித்தது.

ஊருக்கு உயிர் வந்தது. சொல்லிவிட்டுப் போயிருக்கிறது, பட்டிப் பொங்கலுக்கு வந்துவிடும் என்று ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொண்டோம். சென்னியப்பன் அந்த வருசம் முழுக்க அதையே நினைத்து வாழ்ந்தார். கன்றுக்குச் சின்ன மணி வாங்கினார், கொட்டத்தைப் பெருக்கி வெள்ளையடித்தார், புதுப் போன் வாங்கச் சொன்னபோது அதற்குள் பழையதே வந்துவிடும் என்றார். பாவாத்தாள் சோறு போட்டாள், துணி துவைத்தாள், பழையபடி 'ங்க' போட்டே பேசினாள், முடிச்சைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை.

பட்டிப் பொங்கலன்று ஊரே மேற்கே திரண்டது. நாச்சிமுத்துவும் தென்னந்தோப்புக்காரரும், இப்போது சம்பந்திகள், வரப்பில் ஆளுக்கொரு பக்கம் நின்று காட்டுக்கு இடம் விட்டார்கள். பொங்கல் பொங்கி, ஆறி, ஆடை கட்டியது. வெயில் உச்சிக்கு வந்தது. அப்போது பாவாத்தாளின் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். 'வீட்டுக்காரர்' என்று வந்தது. வீட்டுக்காரர் பக்கத்தில் வெறுங்கையோடு நின்றுகொண்டிருந்தார்.

அவள் போனைக் காதில் வைக்காமல் அப்படியே அவரிடம் நீட்டினாள். சென்னியப்பன் வாங்கிக் கேட்டார். மணி. மயிலையின் வெண்கல மணி, இரண்டு அடி வைத்து, நின்று, மறுபடி இரண்டு அடி வைத்து. அவர் முகம் விரிந்தது, கண் நிரம்பியது, போனை உயர்த்தி எங்கள் எல்லோருக்கும் காட்டினார்.

"வந்துருச்சு! அம்மிணி, மணி கேக்குது, கேளு! பக்கத்துலதான் மேயுது, வந்துருச்சு!"

நாங்கள் எல்லோரும் மேற்கே பார்த்தோம். முருங்கையும் தென்னையும் ஒட்டிக்கொண்டு நின்றன.

"அன்னைக்கு நானும் இப்படித்தானுங்க சந்தோசப்பட்டேன்," என்றாள் பாவாத்தாள்.